நெஞ்சின் கதவும் நீலக்கல்லும்

எமது கல்லூரியின் விழா மலருக்கு ஒரு கட்டுரை தருக என மலர்க் குழுவினர் கேட்டபொழுது, தமிழாசிரியனாகிய யான் இலக்கியப் பொருளொன்றையே எழுதுவேன் என அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். சங்கச் செய்யுளை விடுத்து, சமயக் குரவர் வரலாற்றையும் விடுத்து, இருதயச் சத்திரசிகிச்சை ஆராய்ச்சி பற்றி எழுத முற்பட்டமைக்குக் காரணம் மாணவன் ஒருவன் என்னிடம் கேட்ட வினாவேயாகும். ஏறக்குறையப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கேட்கப்பட்ட அவ்வினாவுக்கு அன்று யான் விடை கூறவில்லை; கூறும் அறிவு அன்று என்னிடம் இருக்கவுமில்லை.

அம்மாணவன் கல்லூரியிலிருந்து மூன்று கல் தொலைவிலுள்ள இறப்பர்த் தோட்டமொன்றின் லயத்தில் வாழ்ந்தவன். தந்தையார் பால்வெட்டுத் தொழிலாளி. எட்டாம் வகுப்பில் என் வகுப்பு மாணவனாக இருந்தான். கல்லூரிக்கு ஏறிவரும் மேட்டுப் பாதையில் நாடோறும் மூன்று நான்கு இடங்களில் நின்று நின்றே வருவான். முதற்பாடம் தொடங்கிய பின்னரே வகுப்பினுள் நுழைவான். சோம்பேறி என யான் அவனைப் பலமுறை கடிந்ததுண்டு. ஒருநாள் வகுப்பு வாயிலில் அரைமணி நேரம் நிறுத்தியும் வைத்தேன். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன் மாணவரைப் பரிசோதிக்க வந்த இளம் வைத்தியர் ஒருவர், ஏனைய பிள்ளைகளை விரைவிற் பார்த்து அனுப்பியவர், இவன் மார்பிலே குழாயை வைத்ததும் நெடுநேரம் அதனை எடுக்காமல் நின்றார். பின்னர் என்னை அழைத்து, "இந்தப் பிள்ளைக்கு முன்பு எப்பொழுதாவது மூட்டு வீக்கமும் காய்ச்சலும் வந்ததுண்டா?" என வினவினார். வந்ததுண்டு. ஐந்தாம் வகுப்பிற் படித்த காலத்தில் முழங்காலும் கணுக்காலும் மாறி மாறி வீங்கி, இரண்டு கிழமை அவன் பள்ளிக்கு வரவில்லை. எண்ணெய் தடவினார்கள், வீக்கம் வற்றியது, எல்லாரும் மறந்துவிட்டோம்.

அவன் இரத்தினபுரிக்கும் பின் கொழும்புக்கும் அனுப்பப்பட்டான். மார்பு திறக்கப்பட்டுக் கெட்டுப்போன வால்வு அகற்றப்பட்டுச் செயற்கை வால்வு பொருத்தப்பட்டது. பல மாதங்கள் கழித்து வகுப்புக்குத் திரும்பினான். தவணைப் பரீட்சை நாளொன்றில் வகுப்பு முழுதும் ஓசையின்றி எழுதிக்கொண்டிருந்தது. அவனருகே யான் நின்றபொழுது 'டிக், டிக்' என மெல்லிய ஒலி கேட்டது. கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைக்குமாறு பணித்தேன். அவன் வெறுங் கைகளை நீட்டிக் காட்டிவிட்டு, "கடிகாரம் இல்லைங்க சேர், உள்ளுக்கு வச்சதுதான் சத்தம் போடுது" என்றான். பரீட்சை முடிந்ததும் என் மேசைக்கு வந்து, "இது என்னா சாமானுங்க சேர்? யாரு செஞ்சது?" என்று கேட்டான். அதற்கே ஈண்டு விடை எழுதுகின்றேன். பிந்திய விடைதான்.

இருதயம் என்பது ஒவ்வொருவரும் தம் கைமுட்டி அளவினதாகக் கொள்ளத்தக்க தசைப் பை. அதனுள்ளே நான்கு அறைகள். மேலே இரண்டு சோணையறைகள், கீழே இரண்டு இதயவறைகள். அசுத்த இரத்தம் வலப்பக்கத்திற் புகுந்து நுரையீரலுக்குச் செல்லும். அங்கு ஒட்சிசன் பெற்றுத் தூய்மையுற்ற இரத்தம் இடப்பக்கத்திற் புகுந்து பெருநாடி வழியே உடலெங்கும் பாயும். இப்பாய்ச்சல் ஒரு திசையிலேயே நிகழவேண்டும். சைக்கிள் ரியூபினுள் நாம் அடிக்கும் காற்று உட்செல்கின்றது, வெளியே மீள்வதில்லை. ஆங்கு ஒரு வால்வு காவல் செய்கின்றது. இருதயத்திலும் அத்தகைய நான்கு வால்வுகள் உள. அவற்றுள் இடச் சோணையறைக்கும் இடவிதயவறைக்கும் இடையே அமைந்த இருகூர் வால்வே நம் கதைக்கு உரியது. மெல்லிய இரண்டு இதழ்கள். அவற்றைக் கீழிருந்து இழுத்துப் பிடிக்கும் நூல்போன்ற நாண்கள். அவ்வளவே. நிமிடத்துக்கு 72 துடிப்பு எனக் கொண்டால், இவ்விதழ்கள் ஒரு நாளில் 103,680 முறை திறந்து மூடுகின்றன. ஓர் ஆண்டுக்குக் கணக்கிட்டால் 3 கோடியே 78 இலட்சத்துக்கு மேல் வரும். நம் வீட்டுக் கதவுக் கீல் இதிற் சிறு பங்கையேனும் தாங்குமா என்பதை மாணவர் எண்ணிப் பார்க்கலாம். பின்னர்க் கூறப்போகும் ஆராய்ச்சியின் கடினம் முழுவதும் இந்த எண்ணிலேயே அடங்கியுள்ளது.

இனி, இக்கதவு கெடுமாறு எங்ஙனம் எனக் காண்போம்.

பிறவியிலேயே குறையுடைய வால்வுகளும் உள. முதுமையிற் சுண்ணாம்பு படிந்து இறுகுவனவும் உள. ஆயினும் பள்ளிப் பருவத்துப் பிள்ளைகளின் வால்வுகளைக் கெடுப்பதில் முதன்மையானது வாதக் காய்ச்சல் எனப்படும் நோய். அது நெஞ்சிலே தொடங்குவதன்று, தொண்டையிலே தொடங்குகின்றது. ஸ்ரெப்ரோகொக்கசு என்னும் கிருமியின் ஒரு வகை பிள்ளையின் தொண்டையிற் புண்ணை உண்டாக்குகின்றது. பெரும்பாலும் சில நாட்களில் அது தானே மாறிவிடும். சில பிள்ளைகளில் மட்டும், இரண்டு முதல் நான்கு கிழமைகள் கழிந்தபின், உடல் அக்கிருமியை எதிர்க்க ஆக்கிய பிறபொருளெதிரிகள் தம் உடலையே பகையெனக் கருதித் தாக்கத் தொடங்குகின்றன. கிருமியின் மேற்பொருளுக்கும் இருதய இழையத்துக்கும் உள்ள ஒப்புமையே இம்மயக்கத்துக்குக் காரணம் என்பர். காவலுக்கு வைத்த நாய் வீட்டுப் பிள்ளையைக் கடித்தது போன்றது இது. மூட்டுகள் வீங்கும், ஒன்று மாறி மற்றொன்று வலிக்கும். மூட்டுக்கு வந்த வீக்கம் தழும்பின்றி நீங்கிவிடும். இருதயத்துக்கு வந்தது நீங்குவதில்லை. வால்வின் இதழ்கள் தடித்து, ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, வாயில் சுருங்கும். அல்லது இதழ்கள் சுருங்கி மூடாது போகும். இரண்டு ஆண்டு, ஐந்தாண்டு, சிலருக்குப் பத்தாண்டு கழித்தே மூச்சிளைப்பாக அது வெளிப்படும். அதற்குள் அந்தத் தொண்டை நோவை யார் நினைவில் வைத்திருப்பார்?

ஐந்து வயது முதல் பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகளையே இது பெரிதும் பற்றும். நெருக்கமாக வாழும் இடங்களில் மிகும். ஒரு பாயிலே நால்வர் ஐவர் உறங்கும் வீட்டில், ஒருவர் இருமினால் அனைவருக்கும் அக்கிருமி உரியதாகின்றது. லயத்துக் காம்பராவொன்றின் நீள அகலத்தை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. இம்மலரை வாசிக்கும் பழைய மாணவருட் பலர் அதனுள்ளேயே விளக்கு வைத்துப் படித்துப் பெரியோரானவர்கள். மேலைநாடுகளில் இந்நோய் இருபதாம் நூற்றாண்டிலே பெரிதும் குறைந்தமைக்குப் பெனிசிலின் ஒரு காரணம். அம்மருந்து வருவதற்கு முன்னரே அங்கு வீடுகள் பெருத்தமையும் காற்றோட்டம் வந்தமையும் மற்றொரு காரணம். இதனைச் சத்திரசிகிச்சை வரலாற்றை எழுதுவோர் பலர் சொல்லாது விடுகின்றனர்.

கெட்ட வால்வைக் கையாற் சீர்செய்தல் கூடுமோ என்னும் எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகைப்புக்கே இடமாயிருந்தது. துடிக்கும் இருதயத்தைத் தொடுதல் ஆகாது என்பது அக்காலத்து வைத்தியர் கொள்கை. 1925ஆம் ஆண்டில் இலண்டனில் ஹென்றி சூட்டர் என்னும் சத்திரவைத்தியர், ஓர் இளம்பெண்ணின் சோணையறையிலே சிறு துளை செய்து, தம் சுட்டுவிரலை உட்செலுத்தி, சுருங்கிய வால்வைத் தடவிப் பார்த்து விரித்தார். பெண் பிழைத்தாள். ஆயினும் அதன்பின் வேறு நோயாளரை எவரும் அவரிடம் அனுப்பவில்லை. வெற்றி பெற்றும் தொடர முடியாது போன இந்நிகழ்ச்சியை எண்ணுந்தோறும் எனக்கு வருத்தமே மேலிடுகின்றது. இருபத்துமூன்று ஆண்டுகள் வீணே கழிந்தன. 1948இலே தான் அமெரிக்காவில் சார்ள்ஸ் பெயிலியும் டுவைற் ஹாக்கினும், இங்கிலாந்தில் ரசல் புறொக்கும் அவ்வழியை மீண்டும் திறந்தனர். தென்னிந்தியாவிலே வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி வைத்தியசாலையில் றீவ் பெற்ஸ் என்னும் அமெரிக்கர் நெஞ்சறைச் சத்திரசிகிச்சைப் பிரிவை வளர்த்து இந்திய மாணாக்கரைப் பயிற்றினார். நம் நாட்டில் இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவராகக் கொழும்புப் பொது வைத்தியசாலையில் விளங்கியவர் சத்திரவைத்தியர் ஏ. ரி. எஸ். போல். ஒட்டிய ஓரங்களைப் பிரித்தல் என்னும் அவ்வேலையை இன்று பெரும்பாலும் தொடை நரம்பின் வழியே செலுத்தும் சிறு பலூனே செய்துவிடுகின்றது. 1984இல் யப்பானிய வைத்தியர் கஞ்சி இனுவே அதனைப் புகுத்தினார்.

விரலாலோ பலூனாலோ விரிக்க இயலாதவாறு இதழ்கள் முற்றும் அழிந்திருந்தால் வால்வையே மாற்றவேண்டும். அதற்கு இருதயத்தை நிறுத்தித் திறத்தல் வேண்டும். நிறுத்திய நேரத்தில் உடலுக்கு இரத்தம் அனுப்புவது யார்? 1953 மே மாதம் 6ஆம் நாள் பிலடெல்பியாவில் ஜோன் கிபன் தாம் பல்லாண்டு உழைத்து ஆக்கிய இருதய நுரையீரல் பொறியின் துணையோடு ஒரு பெண்ணின் இருதயத்துள் இருந்த துளையை அடைத்தார். பொறி வந்துவிட்டது, இனி வேண்டியது செயற்கைக் கதவு ஒன்றே.

அதனை முதலிற் சரிவரச் செய்தோர் இருவர். ஒருவர் ஓறிகன் மாநிலத்து இளஞ் சத்திரவைத்தியர் அல்பேட் ஸ்ரார். மற்றவர் லோவல் எட்வேட்ஸ் என்னும் முதிய பொறியியலர். நீர்ப்பொறிகள் அமைப்பதிலும் பம்பிகள் அமைப்பதிலும் வாழ்நாளைக் கழித்தவர். செயற்கை இருதயம் முழுவதையுமே செய்யும் எண்ணத்துடன் அவர் வந்தார்; முதலில் ஒரு வால்வை மட்டும் செய்வோம் எனச் ஸ்ரார் அவரை இசைவித்தார். உலோகக் கூண்டு, அதனுள்ளே ஏறி இறங்கும் ஒரு பந்து. இதழும் இல்லை, நாணும் இல்லை. இயற்கையைப் பார்த்து எழுதுதலை விடுத்து, வேலை நடந்தாற் போதும் என அவர்கள் துணிந்தனர். 1960 ஆகத்தில் அது பொருத்தப்பட்ட முதல் நோயாளி சில மணி நேரத்தில் இறந்தார். அடுத்த மாதம் பொருத்தப்பட்டவர் பத்தாண்டு வாழ்ந்து, இருதயத்தால் அன்றி ஏணியிலிருந்து விழுந்து இறந்தார். அப்பந்து சிலிக்கன் இறப்பரால் ஆயது. இறப்பர் என்றதும் நம் பால்வெட்டுத் தொழிலாளர் மகிழ வேண்டாம். அது மரத்துப் பாலன்று, இரசாயனச் சாலையிற் பிறந்தது.

பந்தினும் மெல்லிய வட்டத்தட்டு நன்று எனப் பின்னர்க் கண்டனர். சாய்ந்து திறந்து, மீளச் சாய்ந்து மூடும் வட்டத்தட்டு வால்வு 1969இல் வந்தது. சுவீடன் நாட்டுச் சத்திரவைத்தியர் விகிங் பியோர்க் பெயரை அது தாங்கியது. அதன் பின்னைய வகையொன்றில் தட்டைத் தாங்கும் கம்பி பற்றவைக்கப்பட்டிருந்தது. அப்பற்றுவைப்பு இலட்சக்கணக்கான முறை வளைந்து வளைந்து, சில நோயாளரின் நெஞ்சினுள்ளே முறிந்தது. நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். 1986இல் அவ்வகை விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. மேற்கூறிய 3 கோடியே 78 இலட்சம் என்னும் எண் ஈண்டுப் பழிவாங்கியது எனலாம்.

இவையெல்லாம் செல்வ நாடுகளின் வரலாறு. நோயோ ஏழைநாடுகளில் இருந்தது. இறக்குமதியாகும் வால்வொன்றின் விலை இந்தியாவிலே சாதாரணக் குடும்பமொன்றின் ஆண்டு வருவாயையும் விஞ்சியது. திறமையான சத்திரவைத்தியர் இருந்தும், வால்வு வாங்க இயலாமையால் நோயாளர் திரும்பிச் செல்லும் நிலை. இதனைக் கண்டு வாளாவிராது முயன்ற இடம் நமக்கு அயலது. குமரிமுனைக்கு வடமேற்கே உள்ள திருவனந்தபுரம்.

1973இல் திருவாங்கூர் அரச குடும்பத்தினர் ஒரு பெரிய கட்டிடத்தை மக்களுக்கென வழங்கினர். அதுவே பிற்காலத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ விஞ்ஞான தொழினுட்ப நிலையம் ஆயிற்று. 1980இல் இந்தியப் பாராளுமன்றச் சட்டத்தினால் தேசிய முதன்மை வாய்ந்த நிலையமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. 1974இல் அங்கு வந்து அதனை உருவாக்கியவர் சத்திரவைத்தியர் எம். எஸ். வலியத்தான். மாவேலிக்கரையில் 1934இற் பிறந்தவர். இங்கிலாந்திற் பயின்று, அமெரிக்காவில் செயற்கை வால்வின் முன்னோடியாகிய சார்ள்ஸ் ஹவ்னேகலிடமும் பணி புரிந்தவர். வைத்தியசாலையின் பக்கத்திலேயே பொறியியலரும் இரசாயனரும் இருந்து உழைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. பூஜப்புரையிலுள்ள சற்றல்மண்ட் அரண்மனையே அவர்களுக்கு ஆராய்ச்சிச் சாலையாயிற்று. அரசியார் வாழ்ந்த மாளிகையிற் கடைசற்பொறிகளும் செம்மறியாட்டுத் தொழுவமும் புகுந்தன. ஜி. எஸ். புவனேசுவர் முதலிய பொறியியலர் வால்வமைக்கும் வேலையை ஏற்றனர்.

முதல் மாதிரி தவறியது. உலோகச் சட்டத்தைப் பற்றவைத்த இடம் உறுதியற்றுப் போயிற்று. இரண்டாம் மாதிரியில் தைத்தேனியச் சட்டத்தோடு வட்டத்தட்டுக்குப் புதியதொரு பொருளைத் தெரிந்தனர். அப்பொருள் நீலக்கல்.

இங்கு நம்மவர் நிமிர்ந்து இருப்பர். இரத்தினபுரி என்னும் பெயரே மணிகளின் நகரம் எனப் பொருள்படும். வயல் நடுவே ஓலைப்பந்தலும், அதன்கீழ் ஆழ்ந்த குழியும், சேற்று நீரிலே சரளையைக் கூடையிலிட்டு அரித்து நோக்கும் மனிதரும் எங்கள் மாணாக்கர் நாடோறும் காணும் காட்சி. ஆயினும் ஆராய்ச்சியாளர் பயன்படுத்தியது குழியில் எடுத்த கல்லன்று. அலுமினியமொட்சைட்டை உலையில் உருக்கி ஒற்றைப் பளிங்காக வளர்த்த கல். குழியிற் கிடைப்பதற்கும் இதற்கும் பொருளாலே வேறுபாடில்லை. தூய்மையாக வளர்த்தால் அது நிறமற்றிருக்கும். சிறிதளவு இரும்பும் தைத்தேனியமும் கலந்தமையாலேயே இயற்கைக் கல்லுக்கு நீலம் வந்தது. விலையுயர்ந்த கைக்கடிகாரங்களின் கண்ணாடி இக்கல்லே. வன்மையில் வைரத்துக்கு 10 எனின் இதற்கு 9. கோடிக்கணக்கான முறை உராய்ந்தாலும் தேயாது, இரத்தத்தோடும் பகைக்காது. ஆகவே அறிவுடைய தெரிவு அது. யாரும் குறை கூற முடியாது.

கல் தேயவில்லை, கல்லைத் தாங்கிய தைத்தேனியம் தேய்ந்தது. மெல்லியதும் வல்லியதும் உராய்ந்தால் தேய்வது எது என்பதைக் கத்தி தீட்டுவோரும் அறிவர். மூன்றாம் மாதிரியிற் சட்டத்தை மாற்றினர்; கோபாற்று, குரோமியம் முதலியவை கலந்த வன்மையான கலப்புலோகத்தை எடுத்தனர். இப்பொழுது சட்டமும் தேயவில்லை, தட்டும் தேயவில்லை. செம்மறியாட்டுக்குப் பொருத்தினர். ஆட்டின் நெஞ்சினுள்ளே நீலக்கல் உடைந்தது.

இதனை வாசித்தபொழுது எனக்கு விளங்கவில்லை. வைரத்துக்கு அடுத்த வன்மையுடையது உடைவது எப்படி? இரத்தினபுரி நகரிலே கல்லுக்குப் பட்டை தீட்டும் தொழில் செய்யும் பெரியவர் ஒருவரை அணுகிக் கேட்டேன். அவர் வியக்கவேயில்லை. "கீறல் விழாதுங்க மாஸ்டர். ஆனா கீழ போட்டா ஓரம் தெறிச்சிடும். இரும்பு வளையும், கல்லு வளையாது, ஒடையும்" என்றார். நாற்பது ஆண்டு கல்லோடு பழகியவரின் விடை இது. வன்மை வேறு, அடியைத் தாங்கும் திறன் வேறு. கீறலை எதிர்ப்பது வன்மை. கண்ணுக்குத் தெரியாத நுண்பிளவு ஒன்று உள்ளே இருந்தாலும் அது ஓடிப் பரவாது தடுக்கும் குணமோ மற்றையது. உலோகத்திலும் நெகிழியிலும் பிளவின் நுனி நெகிழ்ந்து மழுங்கிவிடும். பளிங்கிலே நெகிழ்ச்சி இல்லை. பிளவு நுனி கூர்மையாகவே நின்று, ஒவ்வோர் அடிக்கும் சிறிது முன்னேறி, ஒரு கணத்தில் முழுதும் பிளந்துவிடும். தமிழிலே வன்மை, திண்மை, உரம் என்னும் சொற்களைச் செய்யுளில் நாம் ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருள் கூறிப் பழகிவிட்டோம். விஞ்ஞானம் கற்பிப்போர் அவற்றைப் பிரித்து வழங்குவரேல் நன்று. ஓர் ஆடு இறந்தது இவ்வேறுபாட்டினாலன்றோ?

மூன்று மாதிரிகள்; மூன்றும் தோல்வி. பல ஆண்டு உழைப்பும் பொதுப்பணமும் செலவாகிவிட்டன. மனிதருக்குப் பொருத்துமுன் தோல்வி வெளிப்பட்டது என்பதே ஆறுதல். வெளிநாட்டில் பற்றுவைப்பு முறிந்த வால்வுகள் நோயாளர் நெஞ்சில் முறிந்தன என்பதை மேலே கண்டோம். திருவனந்தபுரத்தில் முறிந்தவை பொறியிலும் ஆட்டிலும் முறிந்தன. பரிசோதனைப் பொறி இருதயத்தினும் பன்மடங்கு விரைவாக வால்வைத் திறந்து மூடும். பத்தாண்டுத் துடிப்பாகிய 38 கோடியை அது சில மாதங்களிலே முடித்துவிடும். அதிலே தேறாதது ஆட்டுக்கும் போகாது. ஆட்டிலே தேறாதது மனிதருக்குப் போகாது. இவ்வொழுங்கைத் தளர்த்தி, பொறுமையிழந்து ஒரு படியைத் தாண்டியிருப்பின், உடைந்த நீலக்கல் ஒரு பிள்ளையின் நெஞ்சிலே கிடந்திருக்கும்.

நான்காம் மாதிரிக்கு அவர்கள் தெரிந்தெடுத்த தட்டு யாது? பொலியெதிலீன். கடையிலே சாமான் கட்டித் தரும் பொலித்தீன் பையின் இனத்தது. ஆயின் இதன் மூலக்கூற்றுச் சங்கிலிகள் பையினதைக் காட்டிலும் மிக மிக நீளமானவை; ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் இலகுவில் தேயாது, அடிபட்டாற் பிளவாது. செயற்கை இடுப்பு மூட்டுகளில் 1960களிலிருந்தே இது வழங்கி வந்தது. சட்டமோ முன்னைய கோபாற்றுக் கலப்புலோகமே. ஆனால் ஒரே உலோகக் கட்டியிலிருந்து முழுதாகக் கடைந்தெடுக்கப்பட்டது. பற்றுவைப்பே இல்லை, ஆகவே பற்றுவைப்பு முறிதலும் இல்லை. சுற்றிலும் தையலுக்காகப் பொலியெசுத்தர்த் துணி வளையம். இருதயத்தில் மெத்தென மூடுவதால் இதன் ஒலியும் குறைவு.

1990 டிசெம்பர் 6ஆம் நாள் இவ்வால்வு முதன்முதல் ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. முதலில் அந்நிலையத்திலும் பின்னர் இந்தியாவின் பிற வைத்தியசாலைகளிலும் ஆண்டுக்கணக்காக நோயாளரைத் தொடர்ந்து கவனித்த பின்னரே, 1990களின் நடுப்பகுதியில் அது விற்பனைக்கு வந்தது. அதனைச் செய்ய முன்வந்தது சென்னையில் தோன்றிய ரி. ரி. கே. நிறுவனம். நம் வீட்டுப் பெண்கள் அறிந்த பிரெஸ்ரீஜ் குக்கரைச் செய்தவர்களும் அக்குழுமத்தினரே. குக்கரிலும் ஒரு வால்வு உண்டென்பதை இங்கு நினைத்துச் சிரிக்கலாம். 'சித்திரா வால்வு' எனப் பெயர் பெற்ற அது இறக்குமதி வால்வுகளின் விலையிற் சிறு பங்கிற் கிடைத்தது. இதுவரை ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர்க்குப் பொருத்தப்பட்டுள்ளது. வலியத்தான் பிற்காலத்தில் சரகர், சுசுருதர், வாக்படர் ஆகியோரின் ஆயுள்வேத நூல்களை ஆழ்ந்து கற்று அவை பற்றி நூல்கள் எழுதினார். 2024 யூலை 17இல் காலமானார்.

இன்று உலகில் மிகுதியாக வழங்கும் இயந்திர வால்வுகள் கரியினால் ஆன இரண்டு அரைவட்ட இதழ்களை உடையன. விலங்கு இழையத்தாற் செய்யப்பட்டனவும் உள. மார்பைத் திறவாது நரம்பு வழியே செலுத்திப் பொருத்துவனவும் முதியோர்க்கு வழங்குகின்றன. என் மாணவனுக்குப் பொருத்தப்பட்டது இவற்றுள் எது என்பதை அவன் வைத்திருக்கும் வைத்தியசாலை அட்டையைப் பார்த்து அறிந்தேன். அது கரி இதழ் வால்வு. ஆகவே அவனுக்குரிய நேர்விடை ஒரு வரியில் முடிந்துவிடும். ஆயினும் "யாரு செஞ்சது?" என்று அவன் கேட்டான். அவ்வினாவுக்கு ஒரு வரி போதாது.

வால்வு மாறியதும் நோய் தீர்ந்தது என எண்ணுதல் பிழை. அயற்பொருளைக் கண்ட இரத்தம் அதன்மேல் உறையப் பார்க்கும். உறைந்த சிறு கட்டி மூளைக்குச் சென்றால் பாரிசவாதம் வரும். ஆகவே இயந்திர வால்வு உடையோர் வாழ்நாள் முழுதும் வார்பரின் என்னும் மாத்திரையை உட்கொள்ள வேண்டும். அம்மாத்திரையின் பிறப்பு விந்தையானது. அமெரிக்காவிற் கெட்டுப்போன புல்லைத் தின்ற மாடுகள் இரத்தம் நிற்காது இறந்தன. அதன் காரணத்தைத் தேடியபொழுது கண்ட பொருளின் வழிவந்தது இது. முதலில் எலி நஞ்சாக விற்கப்பட்டது. அளவு குறைந்தால் இரத்தம் உறையும், மிஞ்சினாற் கசியும்; ஆதலால் குறித்த காலத்துக்கு ஒருமுறை இரத்தம் சோதிக்க வேண்டும். கீரை வகைகளை ஒருநாள் மிகுதியாகவும் மறுநாள் இன்றியும் உண்டால் அளவு தடுமாறும். தோட்டத்திலிருந்து நகரத்து வைத்தியசாலைக்குச் சென்று மீள ஒரு நாட்சம்பளம் போய்விடும் என்பதை மருந்து எழுதுவோர் எல்லாரும் அறிவார் எனச் சொல்ல முடியாது. அவன் இன்று கொழும்பிற் கடையொன்றில் கணக்கெழுதுகின்றான்; சோதனைக்கு எளிதாக இருக்கட்டும் என்றே அங்கு வேலை தேடினான்.

பத்தாண்டுக்கு மேல் உழைத்து, மூன்று முறை தோற்று, ஆடுகளைப் பலியிட்டு, அறிஞர் பலர் கூடிச் செய்த கதவு இது. இக்கதவை வேண்டாததாக்கும் மருந்தோ தோட்ட வைத்தியசாலை அலுமாரியிலே கிடக்கின்றது. தொண்டை நோவு தொடங்கி ஒன்பது நாளுக்குள் பெனிசிலின் கொடுத்தால் வாதக் காய்ச்சல் வருவது தடுக்கப்படும். ஒருமுறை வந்துவிட்ட பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு கிழமைக்கு ஒருமுறை நீடித்து நிற்கும் பெனிசிலின் ஊசியைப் பல ஆண்டுகள் தவறாது போட்டுவந்தால், மீண்டும் வந்து வால்வை மேலும் கெடுப்பதைத் தடுக்கலாம். எத்தனையோ கிருமிகள் மருந்துகளை எதிர்க்கப் பழகிவிட்ட இக்காலத்தும் இக்கிருமி பெனிசிலினுக்கு இன்னமும் பணிகின்றது. எந்தத் தொண்டை நோவு இவ்வகையினது என முடிவு செய்பவர் வைத்தியரே; ஆசிரியரும் அயலவரும் மருந்து சொல்லுதல் தகாது.

ஆயினும் ஆசிரியர் முதலிற் காணக்கூடியவை சில உள. வளரும் வயதில் கால் வலித்தல் இயல்பு என்பர். ஆனால் மூட்டு வீங்கி, ஒன்று மாறி மற்றொன்று வலித்துக் காய்ச்சலும் கண்டால் அது வளர்ச்சியன்று. மற்றொரு குறி எழுத்திலே தோன்றும்: முன்பு அழகாக எழுதிய பிள்ளையின் கையெழுத்து திடீரெனக் கோணலாகும், கை தானாகத் துள்ளும், பேனா நழுவும், காரணமின்றி அழும். வாதக் காய்ச்சல் மூளையைத் தொட்டதன் அடையாளம் இது. கையெழுத்துக் கெட்டதற்காக அப்பிள்ளை அடிவாங்கும் வகுப்பறைகளும் உண்டு. மேடேறும்போது நின்று நின்று வரும் பிள்ளையைப் பற்றி முன்னரே எழுதிவிட்டேன்.

வரவு இடாப்பின் கடைசித் தாளில் இப்பொழுது யான் ஒரு தனிக்குறிப்பு வைத்திருக்கின்றேன். மூட்டு வலி, தொண்டை நோவு, காய்ச்சல் எனக் காரணம் எழுதி விடுமுறை கேட்ட பிள்ளைகளின் பெயரும் திகதியும் அதில் இருக்கும். மூன்று கிழமைக்குப் பின் அப்பெயர்களை மீண்டும் பார்ப்பேன். சென்ற ஆண்டு அதிலிருந்து இருவரை வைத்தியசாலைக்கு அனுப்பினேன். ஒருத்திக்கு ஒன்றுமில்லை. மற்றவன் மாதந்தோறும் ஊசி போடச் செல்கின்றான். ஊசி நாளன்று பள்ளிக்கு வராதிருப்பதற்கு அவனிடம் யான் கடிதம் கேட்பதில்லை.